தூர் புராணம்

மர வியாபாரி ஒருத்தர் உங்கள் வீட்டு மரத்தை விலை பேச வரும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மரத்தைச் சுற்றி மூன்று முறை வருவார். பிரதட்சணம் இல்லை, கணக்கு! முஷ்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், அண்ணாந்து பார்ப்பார். 'உள்ளே பொந்து இருக்கும்போல சார்' என்று ஆயிரம் ரூபாயைக் குறைப்பார். கிளைக்கு ஒரு விலை, அடிமரத்துக்கு ஒரு விலை, சுள்ளிக்கு ஒரு விலை என்று எல்லாவற்றுக்கும் கைவசம் ரேட் உண்டு. தரையை ஒட்டி, மண்ணுக்குள் இருக்கிற சமாசாரத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

அதற்குப் பெயர்தான் தூர். அடிக்கட்டை, வேர்க்கட்டை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறலாம். எங்கள் திண்டுக்கல் பக்கம் தூர். பி.காம். படித்த காலத்தில் 'ஃபிக்ஸட் அசெட்' என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். உண்மையிலேயே ஃபிக்ஸட் ஆன ஒரு அசெட்டைப் பார்த்தது எங்கள் வீட்டுக் கொல்லையில்தான்.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது ஞாபகம் இருக்கும். புயல் என்றால் டி.வி.யில் பார்க்கிற வஸ்து என்று நினைத்துக்கொண்டிருந்த திண்டுக்கல்காரர்களை, டெல்டாவைத் துவம்சம் பண்ணிவிட்டு நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் கொல்லைப் புளியமரத்தில் இரண்டு பெரிய கிளைகள் முறிந்து, அடிமரம் நெடுக வாய் பிளந்து நின்றது. இன்னும் ஒரு காற்றடித்தால் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை காலி. வெட்டியே ஆகவேண்டும். வியாபாரி வந்தார், வெட்டினார், லோடு ஏற்றினார். குனிய சோம்பல்பட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அறுத்துவிட்டு, 'தூரை ரெண்டு நாள்ல வந்து எடுத்துர்றேன் சார்' என்றார். அந்த இரண்டாவது நாள் இன்னும் விடியவில்லை.

டெல்டாவில் தென்னை பறிகொடுத்தவர்களுக்கு அப்போது அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் அதை வெட்டி அகற்ற. போன மரத்தின் மதிப்பும் கிடக்கிற கட்டையை அப்புறப்படுத்துகிற செலவும் ஏறக்குறைய ஒன்று! படித்தபோது ஏதோ தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்தக் கணக்கு போட்ட அதிகாரி வீட்டில் ஒரு தூர் இருந்திருக்க வேண்டும். தென்னைக் கட்டையை அப்படியே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் குடும்பம் நடத்தி, மிச்சம் நிற்கிற தென்னைக்கும் உலை வைக்கும். சும்மா கிடக்கட்டும் என்றும் விட முடியாது.

எங்களுடையது புளி. வண்டுக் கவலை இல்லாததால் சும்மா கிடந்தது. நாலடி குறுக்களவு. அம்மா அதன்மேல் வடகம் காயப் போட்டார். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது. மாமா பையன் வந்தால் அதில் ஏறி நின்று அரசியல் பேசுவான். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் 1853-ல் ஒரு ராட்சத செக்வோயா மரத்தை வெட்டிவிட்டு, அதன் தூரை இழைத்து மேலே ஏறி ஜோடி ஜோடியாக டான்ஸ் ஆடியிருக்கிறார்கள். குறுக்களவு சுமார் 25 அடி. நம் கொல்லையில் அவ்வளவு வசதி இல்லை. ஒரு ஆள் பரதநாட்டியம் ஆடலாம், அதுவும் அடக்கமாக.

விவகாரம் எங்கே ஆரம்பித்தது என்றால், போன வருஷம் அம்மா கொல்லைப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டு கக்கூஸ் கொல்லைக் கடைசியில், நாலு படி ஏறி, உட்காருகிற மாடல். ராத்திரியில் தனியாக எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். திண்டுக்கல் வெயிலில்! இது எனக்குத் தெரிய இருபது நாள் ஆயிற்று.

படுக்கை அறையை ஒட்டி, படி இல்லாமல், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ஒரு பாத்ரூம் கட்டுவது என்று முடிவாயிற்று. கொத்தனார் டேப் பிடித்தார். மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர். கிழக்கே கிணறு. நடுவில் பாத்ரூமுக்குத் தோதாக ஒரே ஒரு இடம். அங்கே நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

'தூரை தரைமட்டத்துக்கு அறுத்துட்டு மேலே காங்கிரீட் போட்டா என்னண்ணே?' என்றேன்.

கொத்தனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 'இன்னிக்கு கல்லு மாதிரிதான் இருக்கும். நாலஞ்சு வருஷம் போனா உள்ளேயே மக்கும், கரையான் வரும், வேர் இருந்த எடமெல்லாம் ஓட்டையாகும், மண்ணு எறங்கும். அம்மா உக்காந்திருக்கையில பாத்ரூம் சாஞ்சா என்னைத் திட்டக்கூடாது.'

சரி, எடுத்துவிடலாம் என்று வெளியே சொன்னேன். அவ்வளவுதான். இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடி எல்லாருக்கும் அபிப்பிராயம் இருக்கிற விஷயம் தூர் எடுப்பது என்று தெரிந்துகொண்டேன்.

ஆபீஸில் எனக்கு அடுத்த சீட்காரர், 'துளை போட்டு பத்து கிலோ உப்பைக் கொட்டுங்க' என்றார். உப்பு மரத்தை மக்க வைக்காது சார். கெடாமல் வேண்டுமானால் பாதுகாக்கும், ஊறுகாய் மாதிரி. தவிர மண்ணெல்லாம் உப்பேறி, நாளைக்கு அங்கே போடுகிற கம்பி துருப்பிடிக்கும். இன்னொருவர் பெருங்காயம் என்றார். பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்று ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. இது ஏற்கெனவே செத்த மரம். செத்தவனுக்கு விஷம் வைத்து என்ன பிரயோஜனம்? பெருங்காயம் விற்கிற விலையில் சாம்பாருக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. யூரியா சொன்னவர் கொஞ்சம் விவரமானவர். துளையில் யூரியாவும் தண்ணீரும் விட்டால் பூஞ்சைக் காளானுக்கு தீனி கிடைத்து சீக்கிரம் மக்கும் என்பது நிஜம்தான். 'சீக்கிரம்' என்றால் எவ்வளவு என்றேன். சில வருஷம் என்றார். ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் தேய்மானம் போடுகிற மாதிரி. வருஷா வருஷம் குறையும், பூஜ்யம் மட்டும் வராது!

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னவர்கள் மூன்று பேர். புளிய வேரில் நெருப்பு பிடித்தால் உள்ளுக்குள்ளேயே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டு வேர் எந்த வீட்டு சிலிண்டர் பக்கம் போயிருக்கிறது என்று யார் கண்டது?

எல்லாவற்றுக்கும் சிகரம், வேடசந்தூர் பக்கத்துச் சித்தப்பா. கிணறு வெட்டின அனுபவஸ்தர். 'சின்னதா ஒரு தோட்டா வச்சுருவோம்டா' என்றார் சாதாரணமாக. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் டியூபாண்ட் கம்பெனி நூறு வருஷத்துக்கு முன் விவசாயிகளுக்கு டைனமைட் விற்றதே தூரைப் பெயர்க்கத்தான். எப்படி வைப்பது என்று படம் போட்டு புத்தகம்கூட விநியோகித்தார்கள். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் வெடி வைத்தால், தூர் வெளியே வருவதற்குள் நாம் உள்ளே போய்விடுவோம்.

'எதுக்கு இவ்வளவு யோசனை? ஜேசிபியை விடுங்க, ஒரு மணி நேரம்' என்றார்கள் எல்லாரும். ஜேசிபி என்பது ஒரு மனுஷருடைய இனிஷியல் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட். இங்கிலாந்தில் 1945-ல் ஒரு கொட்டகையில் ஆரம்பித்த கம்பெனி. 1979-லிருந்து இந்தியாவிலேயே தயாரிக்கிறார்கள். இன்று எந்தக் கம்பெனி மண் அள்ளும் வண்டியும் நமக்கு ஜேசிபிதான்.

ஜேசிபி டிரைவர் வந்து பார்த்தார். என் தூரைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற முடுக்கைப் பார்த்தார். டேப் பிடித்தார்.

'முடுக்கு ஆறே கால் அடி இருக்கு தம்பி. வண்டி அகலம் ஏழரை.'

ஜாதகத்தில் எனக்கு ஏழரை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் வைத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மினி வண்டி கேட்டேன். 'அது புளியந்தூரை அசைக்காது, அது பாட்டுக்கு முன்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும்' என்றார்.

கடைசியில் டீக்கடைக்காரர் சொல்லி வந்து சேர்ந்தார், பெரியவர். ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள். அறுபதைத் தாண்டிய வயது. கூட அவர் தங்கச்சி மகன். சைக்கிளில் இரண்டு கடப்பாரை, இரண்டு கோடாலி, மண்வெட்டி, நாலு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு அரம். தூரை ஒரு சுற்று வந்தார். காலால் மண்ணைக் கீறினார்.

'ரெண்டு ஆளு, மூணு நாளு. மொத்தமா ஏழாயிரம். டீ, வடை ஒங்க செலவு.'

'ஐயாயிரம்...' என்று ஆரம்பித்தேன்.

'தம்பி, முப்பது வருசத்துக்கு முந்தின்னா நான் காசே கேட்டிருக்க மாட்டேன். தோண்டுறவனுக்கு தூர் சொந்தம், அதான் கூலி. செங்கச் சூளைக்காரன் வண்டியோட வந்து நிப்பான். இப்ப வீட்டுக்கு வீடு கேஸு. வெறகை யாரு சீண்டுறா?'

உள்ளேயிருந்து அம்மா, 'அவரு கேக்குறதைக் குடுடா' என்றார். பேரம் முடிந்தது. அம்மாவை வைத்துக்கொண்டு பர்சேஸ் டிபார்ட்மென்ட் நடத்த முடியாது.

முதல் நாள் முழுக்க பெரியவர் கோடாலியைத் தொடவே இல்லை. முந்தின சாயங்காலமே நாலு குடம் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தார், மண் இளகுவதற்கு. ஆத்தூர் காமராஜர் அணையிலும் காவிரியிலும் இருந்து வருகிற தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிப் பிடிக்கிற ஊர் இது. அம்மா துணி அலசின தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கொடுத்தார். தூரிலிருந்து இரண்டடி தள்ளி, வட்டமாகப் பள்ளம் எடுத்தார்கள். செம்மண் ஓரடி. அதற்குக் கீழே சரளை. கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சரிவாக வெட்டிக்கொண்டே போனார். எதற்கு என்றேன். 'அது வெளிய வர்றதுக்கும் நான் வெளிய ஓடுறதுக்கும்' என்றார்.

இரண்டாம் நாள் பக்கவேர்கள். எண்ணினேன், பதினொன்று. ஒன்றிரண்டு என் தொடை கனம். ஒவ்வொன்றையும் வெட்டும் முன் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. 'மண்ணோட வெட்டுனா கோடாலி வாய் போயிரும். அப்புறம் நான் அரத்தை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும்.' ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் வெட்டினார். தூரை ஒட்டி ஒன்று, இரண்டடி தள்ளி ஒன்று. நடுத்துண்டை உருவிப் போட்டால்தான் அடுத்த வேருக்குக் கோடாலி வீச இடம் கிடைக்குமாம். ஒரே இடத்தில் வெட்டிவிட்டு முட்டி மோதிக்கொள்பவன் புது ஆள் என்றார்.

அன்றைக்கு மத்தியானம், மேலே ஓரடியை அறுத்து எடுத்துவிடலாம் என்று ஆப்பு வைத்துப் பிளந்தபோது 'டங்' என்று ஒரு சத்தம். பெரியவர் சட்டென்று நிறுத்தினார். விரலால் தடவிப் பார்த்து, மரத்தைச் செதுக்கி, துருவேறிய ஓர் ஆணியை எடுத்தார். கடையில் வாங்குகிற ஆணி இல்லை. கொல்லன் அடித்த ஆணி, சாண் நீளம். மரம் அதன்மேல் நாலு விரற்கடை வளர்ந்து மூடியிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மொத்தம் ஐந்து.

தங்கச்சி மகன் பள்ளத்தை விட்டு மேலே ஏறிவிட்டான்.

பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணைக் கூட்டி வருவார்கள். பூசாரி உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடித்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து, அதோடு முடியை அறுத்துவிடுவார். பேய் மரத்தோடு நின்றுவிடும் என்று ஐதீகம். எங்கள் தெரு 1980-களில் மனை பிரிப்பதற்கு முன் புளியந்தோப்பு. நாங்கள் குடிவந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆணிகள் அதற்கும் முந்தியவை. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, 'அஞ்சு பேயா!' என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசற்படி வரை வந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

'ஒக்கார வச்சுத்தான் அடிச்சிருக்காங்க. ஒசரத்தைப் பாரு' என்றார். 'வலிச்சிருக்கும்ல?'

பெரியவர் ஆணிகளை ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு கிணற்றடியில் வைத்தார். 'பேயெல்லாம் இல்லத்தா. அன்னிக்கு அந்தப் புள்ளைகளுக்கு காய்ச்சலோ, மாமியாரோ' என்று சொல்லிவிட்டு எச்சிலைத் துப்பி மறுபடி கோடாலியை எடுத்தார். அவர் எடுத்ததைப் பார்த்துத் தங்கச்சி மகனும் இறங்கினான்.

மூன்றாம் நாள் ஆணிவேர். புளி மற்ற மரம் மாதிரி அல்ல, நேராகக் கீழே போகும். அதனால்தான் காற்றுக்குச் சுலபத்தில் சாயாது. எங்களுடையதும் கஜாவில் முறிந்ததே தவிர பெயரவில்லை. அஞ்சடி ஆழத்தில் பெரியவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, தூருக்கு அடியில் குடைந்து ஆணிவேரை வெட்டினார். தலைக்கு மேலே எத்தனையோ நூறு கிலோ கட்டை. கிணற்றுத் தூணில் வடம் கட்டி, தூரை இழுத்துப் பிடித்திருந்தது. நான் வடத்தைப் பிடித்திருந்தேன். (பிடித்திருந்தேன் என்பது மரியாதைக்கு. வடம் தூணைப் பிடித்திருந்தது, நான் வடத்தைப் பிடித்திருந்தேன்.) அவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று எனக்குக் கை வியர்த்தது. ஏழாயிரத்தில் இன்ஷூரன்ஸ் சேர்த்தி இல்லை.

'தூர் சாயிற பக்கம் சம்பந்தியே நின்னாலும் தள்ளி விட்டுருடா' என்று மருமகனுக்கு உத்தரவு போட்டுவிட்டு ஒரு வெட்டு வெட்டினார். உள்ளே நரம்பு அறுகிற மாதிரி ஒரு சத்தம். தூர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, நாங்கள் வடம் கட்டிய பக்கம் சாய்ந்தது. பெரியவர் அதற்குள் சரிவில் ஏறி மேலே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும்போது கேட்டேன், இந்த வேலைக்கு இப்போதும் ஆள் கூப்பிடுகிறார்களா என்று.

'தோட்டத்துல, ரோட்டுல எல்லாம் மிஷினுதான் தம்பி. 2017-ல சீமைக்கருவேலத்தை வேரோட புடுங்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டுச்சுல்ல? வெட்டுனா தழைக்கும், தூரோட எடுக்கணும்னாங்க. நம்ம காலம் வந்துருச்சுன்னு சந்தோசப்பட்டேன். நூறு ஜேசிபி வந்துச்சு! இப்ப எனக்கு சோறு போடுறது ஒங்கள மாதிரி முடுக்குக்குள்ள வீடு வச்சிருக்கவங்கதான்.'

எங்கள் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்று நான் மனு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எல்லாத் தூரும் இப்படி அநாதை இல்லை. சந்தன மரத்தை யாரும் தரைமட்டத்தில் வெட்ட மாட்டார்கள். வேரில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் தூரோடு தோண்டித்தான் எடுப்பார்கள். புளிக்கும் ஒரு மரியாதை உண்டு, அதுவும் எங்கள் பிரியாணி ஊரில். கறிக்கடையில் வெட்டுவதற்குப் போடுகிற கட்டை புளிதான். எத்தனை வெட்டு விழுந்தாலும் சிராய் பெயர்ந்து கறியோடு ஒட்டாது. பேகம்பூரிலிருந்து ஒரு கறிக்கடைக்காரர் வந்தார். ஆணிக் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையிலிருந்து ஒரு பெரிய காந்தத்தை எடுத்துக் கட்டை முழுக்க தடவினார். பேய் ஓட்டுகிற பூசாரி தோற்றார்! கீழ் ஒன்றரை அடி சுத்தம் என்று தீர்ப்பாயிற்று. 2,500 ரூபாய். வேர்களை ஒரு பிரியாணி மாஸ்டர் விறகுக்கு எடுத்துக்கொண்டார். காசு இல்லை, ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ பார்சல் என்று பேச்சு. அதைப் பெரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டேன்.

செலவு முடிந்தது என்று லெட்ஜரை மூடப் பார்த்தேன். கொத்தனார் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஆறடி குறுக்களவு, அஞ்சடி ஆழம். கிட்டத்தட்ட 140 கன அடி. தோண்டின மண்ணில் வேர்த்துணுக்கு இருக்கிறது, அதையே போட்டு மூடக்கூடாது என்றார். ஒன்றரை யூனிட் கிராவல். அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடி அரையடி. அதற்கு இரண்டு ஆள், ஒன்றரை நாள். தூரை எடுத்ததை விட, தூர் இருந்த இடத்தை நிரப்புவதற்கு அதிகம் ஆகிவிட்டது.

ஐந்து ஆணிகளும் கொட்டாங்கச்சியில்தான் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போடவே மாட்டேன் என்றார். அம்மாவும் போடவிடவில்லை.

பாத்ரூம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டிலிலிருந்து பதினாலு அடி, படி கிடையாது, சுவரில் கைப்பிடி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மா சொம்பு நிறைய தண்ணீர் குடிக்கிறார். அந்தக் கைப்பிடியை மாட்ட வந்த பிளம்பர் மூன்று நாள் காணாமல் போனது தனிக்கதை. அது அடுத்த வாரம்.